குழந்தைகள் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளும் மின்னணு முறைமைகளும்: குறைந்தது எது, எஞ்சியது எது?

ஆய்வுச் சுருக்கம்

மருந்துப் பிழைகளைத் தடுக்கும் நோக்குடன் கணினிவழி மருந்தாணைப் பதிவு, பட்டைக்குறியீட்டுச் சரிபார்ப்பு ஆகிய மின்னணு முறைமைகள் குழந்தைகள் மருத்துவமனைகளில் கடந்த கால் நூற்றாண்டாகப் புகுத்தப்பட்டு வருகின்றன. இவற்றின் பயனை அளந்த வட அமெரிக்க, பிரித்தானிய ஆய்வுகள் சிலவற்றை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. எழுதுமுறைப் பிழைகள் ஏறத்தாழ மறைந்த இடங்களிலும் குழந்தைக்கு நேரும் தீங்கு அதே விகிதத்தில் குறையவில்லை. இந்த இடைவெளிக்குரிய காரணங்களுள் ஒன்று, பெரும்பாலான ஆய்வுகள் மருந்தாணையையே எண்ணும் அலகாகக் கொண்டிருப்பது என்பது இக்கட்டுரையின் கருத்து. பிட்ஸ்பர்க், சியாட்டில், ஸ்டான்ஃபோர்டு, சான் பிரான்சிஸ்கோ ஆகிய இடங்களின் பட்டறிவு இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மருந்துப் பிழை, மருந்தளவு, மருந்தாணைப் பதிவு, பட்டைக்குறியீடு, எச்சரிக்கைச் சலிப்பு, குழந்தை மருத்துவம்

முன்னுரை

மருத்துவமனைகளைக் கணினிமயமாக்குவது குறித்துத் தமிழில் வெளிவரும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே பாங்கில் அமைகின்றன. கையெழுத்து புரியாமையால் பிழை நேர்கிறது; கணினி வந்தால் கையெழுத்து இல்லை; ஆகவே பிழையும் இல்லை என்பது அவற்றின் வாதம். இதன் முதற்பகுதி உண்மை. இறுதிப்பகுதியை ஏற்பதற்கு முன் அளந்து பார்த்தவர்களின் முடிவுகளை நோக்க வேண்டும். குழந்தைகள் மருத்துவமனைகளில் அவ்வாறு அளந்தவர்கள் பலர். அவர்களின் முடிவுகளோ ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவனவாக இல்லை. ஒரே நிறுவனத்தின் மென்பொருள் ஓரிடத்தில் இறப்பு விகித உயர்வோடும் மற்றோரிடத்தில் எவ்விதக் கேடுமின்றியும் இணைத்துப் பேசப்பட்டுள்ளது. இம்முரணை விளக்கிக்கொள்ளாமல் எந்த முறைமையையும் வாங்கலாம், வேண்டாம் எனத் தீர்மானிப்பது இயலாது.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு. 'மருந்துச்சீட்டு' என்னும் சொல் புறநோயாளிக்கு எழுதித் தரும் தாளையே பெரிதும் சுட்டுகிறது. உள்நோயாளிக்கு இன்ன மருந்தை இன்ன அளவில் இன்ன நேரத்தில் தருக என மருத்துவர் நோயாளிக் குறிப்பேட்டில், அதாவது வழக்கில் கேஸ் ஷீட் எனப்படுவதில், இடும் குறிப்பை 'மருந்தாணை' என இக்கட்டுரை வழங்குகிறது.

குழந்தைக்குரிய மருந்தளவு

பெரியவர்களுக்கான மருந்துகளுள் பலவற்றின் அளவு ஏறத்தாழ நிலையானது. ஐம்பது கிலோ எடையுடையவருக்கும் எழுபது கிலோ எடையுடையவருக்கும் ஒரே மாத்திரை போதும். குழந்தை மருத்துவத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் ஆணையும் ஒரு கணக்கு. எடையைக் கிலோகிராமில் அறிந்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் எனப் பெருக்கி, ஒரு நாளைக்குரிய அளவாயின் வேளைகளால் வகுத்து, கையிலுள்ள மருந்தின் செறிவைக் கொண்டு மில்லிலிட்டராக மாற்ற வேண்டும். அரைக் கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தையும் அறுபது கிலோ எடையுள்ள பதின்பருவத்தினரும் ஒரே மருத்துவமனையில் இருப்பார்கள். அவர்களுக்கிடையே எடையில் நூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு.

நன்கறிந்த மருந்தான பாராசிட்டமாலைக் கொள்வோம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் 3 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 45 மில்லிகிராமும் 30 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 450 மில்லிகிராமும் வேண்டும். இரண்டும் குழந்தைகள் பிரிவில் அன்றாடம் காணும் எண்கள். தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்து 45 என்பது 450 ஆகிவிட்டால், அந்த எண்ணைக் காணும் செவிலியருக்கோ மருந்தாளுநருக்கோ அது விந்தையாகத் தோன்றாது. பெரியவர்கள் பிரிவில் பத்து மடங்குப் பிழை நேர்ந்தால் பத்து மாத்திரைகளை எண்ணிக் கையில் எடுக்க நேரும். அந்தச் செயலே எச்சரிக்கையாகிவிடும். குழந்தைகள் பிரிவில் அத்தகைய இயற்கையான தடை இல்லை. பெரியவருக்கான ஒரே குப்பியில் கைக்குழந்தைக்குரிய அளவைப்போலப் பல மடங்கு மருந்து இருக்கிறது.

செறிவுக் குழப்பம் இதனோடு சேர்கிறது. நம் மருந்துக் கடைகளிலேயே பாராசிட்டமால் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம், 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம், சொட்டு மருந்தாயின் 1 மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் எனப் பல செறிவுகளில் கிடைக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வேண்டிய 150 மில்லிகிராம் என்பது முதலாவதில் 6.25 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3 மில்லிலிட்டர், மூன்றாவதில் 1.5 மில்லிலிட்டர். 'ஒன்றேகால் தேக்கரண்டி கொடுங்கள்' என்ற சொல், எந்தக் குப்பி என்று தெரியாதவரை, பொருளற்றது.

பிழையும் தீங்கும்

இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது, ரெய்னு கௌஷல் முதலானோர் 2001ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு. 1999ஆம் ஆண்டில் ஆறு வார காலம் பாஸ்டனின் இரு கல்வி மருத்துவமனைகளில் 1,120 குழந்தைகளுக்கு இடப்பட்ட 10,778 மருந்தாணைகள் ஆராயப்பட்டன. அவற்றுள் 616 பிழைகள் காணப்பட்டன, அதாவது 5.7 விழுக்காடு. தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகள் 115. மருந்தால் உண்மையில் நேர்ந்த தீங்குகள் 26. இவற்றுள் தடுத்திருக்கக்கூடியவை 5 மட்டுமே. ஏனையவை ஒவ்வாமை போன்று, பிழை ஏதுமின்றியே மருந்தின் இயல்பால் நேர்ந்தவை.

இந்த எண்கள் படிப்படியாகச் சுருங்குவதைக் கவனிக்க வேண்டும். 616, 115, 5. தேதி விடுபடுவதும் பிழைதான். பத்து மடங்கு மருந்து எழுதப்படுவதும் பிழைதான். முன்னதை எண்ணிக்கையிலிருந்து நீக்குவது எளிது. குழந்தையின் உயிரைத் தொடுவது பின்னது. தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகளின் விகிதம் பெரியவர்களிடம் காணப்பட்டதைப் போல மூன்று மடங்கு என்றும், பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அது மிகுதி என்றும் அவ்வாய்வு கண்டது. அவற்றுள் 79 விழுக்காடு மருத்துவர் ஆணையிடும் கட்டத்திலேயே தோன்றியவை. கணினிவழி ஆணைப்பதிவின் பக்கம் உலகின் கவனம் திரும்பியதற்கு இந்தக் கடைசி எண் ஒரு முக்கியக் காரணம்.

எண்ணிக்கையில் நேர்ந்த மாற்றம்

கணினிவழி மருந்தாணைப் பதிவு என்பது, மருத்துவர் தாமே திரையில் மருந்தைத் தேர்ந்து, அளவையும் வேளையையும் பதிந்து ஒப்புதல் தரும் முறை. அதனோடு எடைவழிக் கணக்கீடு, உச்ச அளவு எச்சரிக்கை, ஒவ்வாமை எச்சரிக்கை முதலிய முடிவுத்துணைக் கருவிகள் இணைக்கப்படலாம், இணைக்கப்படாமலும் இருக்கலாம். இவ்வேறுபாட்டைக் குறிக்காமல் 'கணினி முறை' எனப் பொதுவாகப் பேசுவது குழப்பத்திற்கு இடமளிக்கும்.

நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு 13,828 ஆணைகளை நோக்கியது. தகவல் விடுபடுதல், படிக்க இயலாமை போன்ற எழுதுமுறைப் பிழைகள் நூறு ஆணைகளுக்கு 30.1 என்பதிலிருந்து 0.2 ஆகச் சரிந்தன. வேறெந்தத் தலையீடும் இத்தகைய வீழ்ச்சியைக் காட்டியிருப்பது அரிது. ஆயினும் அதே ஆய்வில், தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகள் 2.2 என்பதிலிருந்து 1.3 ஆகவே குறைந்தன. முன்னது 99 விழுக்காட்டுக் குறைவு. பின்னது ஏறத்தாழ 41 விழுக்காட்டுக் குறைவு.

ஒட்டாவாவின் கிழக்கு ஒன்டாரியோ குழந்தைகள் மருத்துவமனையில், முடிவுத்துணைக் கருவிகள் இல்லாத கணினிப் பதிவு முறை ஆறாண்டுக் காலத் தரவைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. 2003இல் வெளியான அதன் முடிவின்படி, கணினி வந்த பிரிவுகளில் பிழை விகிதம் 40 விழுக்காடு குறைந்தது; தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகளில் அத்தகைய விளைவு தென்படவில்லை. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் சிறுநீரகப் புறநோயாளிப் பிரிவில் கையெழுத்து மருந்துச்சீட்டுகளில் 77.4 விழுக்காடு உருப்படிகள் ஏதேனும் ஒரு பிழையுடன் இருந்தன. மின்னணு முறைக்குப் பின் அது 4.8 விழுக்காடு ஆயிற்று. படிக்க இயலாத உருப்படி ஒன்றுகூட இல்லை. எனினும் அம்மருத்துவமனையில் மருந்தளவுப் பிழையை மட்டும் தனியே நோக்கிய பிந்தைய ஆய்வில் குறைவு 2.2 விழுக்காட்டிலிருந்து 1.2 விழுக்காடு வரைதான். அமெரிக்கப் பயிற்சி மருத்துவமனை ஒன்றின் குழந்தைகளை வைத்து வால்ஷ் முதலானோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் எவராலும் தடுத்து நிறுத்தப்படாத கடும் பிழைகள் 7 விழுக்காடு மட்டுமே குறைந்தன. பிழையால் நேர்ந்த உடற்தீங்கின் விகிதம் மாறவில்லை.

நான்கு நகரங்கள், வெவ்வேறு மென்பொருள்கள், வெவ்வேறு வரையறைகள். ஆகவே விழுக்காடுகளை நேரடியாக ஒப்பிடுதல் கூடாது. எனினும் போக்கு ஒன்றே. கணினி, எழுத்தைத் திருத்துவதில் வல்லது. மருந்தளவு குறித்த தீர்மானத்தை அது பாதியளவுக்கே தொடுகிறது. தெளிவான எழுத்தில், எல்லாத் தகவலும் நிறைந்து, இலக்கணம் பிறழாமல் தவறான அளவை எழுதுவதற்குக் கணினி தடையாக இல்லை. அளவைச் சரிபார்க்கும் கருவி இணைக்கப்பட்டு, அக்கருவி சொல்வதை மருத்துவர் செவிமடுத்தால்தான் அது தடையாகும்.

பிட்ஸ்பர்க், 2002

பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை 2002 அக்டோபரில் கணினிவழி மருந்தாணைப் பதிவை ஆறு நாட்களுக்குள் மருத்துவமனை முழுதும் நடைமுறைப்படுத்தியது. அம்மருத்துவமனையைச் சேர்ந்தோர் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மகிழத்தக்க செய்தி இருந்தது. ஆணையைப் பார்த்து மறுபடி எழுதுவதால் நேரும் படியெடுப்புப் பிழைகள் முற்றாக நீங்கின. தீங்கு தந்த மருந்து நிகழ்வுகள் ஆயிரம் மருந்தளவுகளுக்கு 0.05 என்பதிலிருந்து 0.03 ஆகக் குறைந்தன.

அதே ஆண்டு, அதே மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் ஹான் தலைமையில் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். பிற மருத்துவமனைகளிலிருந்து சிறப்புச் சிகிச்சைக்காக ஊர்தியில் கொண்டுவரப்பட்ட 1,942 குழந்தைகளை அவர்கள் ஆராய்ந்தனர். கணினி முறைக்கு முந்தைய 13 மாதங்களில் வந்த 1,394 குழந்தைகளுள் 39 பேர் இறந்தனர், 2.80 விழுக்காடு. பின்னைய 5 மாதங்களில் வந்த 548 குழந்தைகளுள் 36 பேர் இறந்தனர், 6.57 விழுக்காடு. நோயின் கடுமை முதலிய காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது.

ஒரே கட்டடம், ஒரே மென்பொருள். ஓர் ஆய்வு பிழை குறைந்தது என்கிறது. மற்றொன்று இறப்பு கூடியது என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க இயலுமா? இயலும் என்பதற்கு விடை ஹான் குழுவினர் விவரிக்கும் நடைமுறை மாற்றங்களில் இருக்கிறது.

முன்பு, ஊர்தியில் குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே மருத்துவரும் செவிலியரும் மருந்தாணைகளை எழுதி, குருதி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளைத் தயாராக வைத்திருப்பர். புதிய முறையில், குழந்தை மருத்துவமனையை அடைந்து பதிவுசெய்யப்படும் வரை அக்குழந்தையின் பெயரில் ஆணை எதையும் இட இயலாது. முன்பு சில நொடிகளில் எழுதி முடிந்த ஓர் ஆணைக்கு இப்போது சராசரியாகப் பத்து முறை சொடுக்கி ஒன்றிரண்டு நிமிடங்கள் செலவிட வேண்டியிருந்தது. முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கைக்கெட்டிய மருந்துகள், புதிய முறையோடு மைய மருந்தகத்திற்கு மாற்றப்பட்டன. மருத்துவர் ஒருவர் கட்டிலருகே நிற்பதற்கு மாறாகத் திரையின் முன் அமர நேர்ந்தது. கம்பியில்லா வலைப்பின்னலின் நெரிசலால் திரை உறைந்துபோவதும் உண்டு.

இங்கே எந்த ஆணையிலும் பிழை இல்லை. மருந்து சரி, அளவு சரி, எழுத்து தெளிவு. பிந்தி வந்தது என்பது மட்டுமே குறை. அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் நேரும் தாமதம் உயிர்ப் பிரச்சினை. ஆனால் மருந்தாணையை அலகாகக் கொண்டு பிழையை எண்ணும் எந்த ஆய்வும், இன்னும் இடப்படாத ஆணையை எண்ணுவதில்லை. வெற்றுத்தாளில் பிழை இருக்க வாய்ப்பில்லையல்லவா? பிழைக் குறைவையும் இறப்பு உயர்வையும் ஒரே காலத்தில் ஒரே மருத்துவமனை காட்டியதன் பொருளை இங்கேதான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஹான் ஆய்வுக்கு எதிரான வாதங்களும் வலுவுடையன. பின்னைய காலப்பகுதி 5 மாதங்களே. அவையும் நோய் மிகும் குளிர்கால மாதங்கள். ஒப்பீட்டுக்கு வேறொரு மருத்துவமனை இல்லை. மருந்தகத்தை மையப்படுத்திய முடிவு கணினியின் இயல்பன்று, நிருவாகத்தின் தேர்வு. ஆகவே 'கணினி குழந்தைகளைக் கொன்றது' என்று இதனைச் சுருக்குவது நேர்மையன்று.

சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை அதே நிறுவனத்தின் மென்பொருளைப் பின்னர் நடைமுறைப்படுத்தியது. டெல் பெக்காரோ முதலானோர் 2006இல் தந்த முடிவின்படி, தீவிர சிகிச்சைப் பிரிவின் இறப்பு விகிதம் முந்தைய 13 மாதங்களில் 4.22 விழுக்காடு, பிந்தைய 13 மாதங்களில் 3.46 விழுக்காடு. புள்ளியியல் நோக்கில் இது குறைவு எனக் கொள்ளத்தக்கதன்று. உயர்வு இல்லை என்பதே முடிவு. தீவிர சிகிச்சைக்கு அடிக்கடி வேண்டிய ஆணைகளைத் தொகுத்து, ஒரே சொடுக்கில் இடத்தக்க ஆணைத்தொகுப்புகளாக அவர்கள் முன்னரே அமைத்திருந்தனர். பிட்ஸ்பர்க்கில் தொடக்க நாட்களில் தீவிர சிகிச்சைக்கெனத் தனியே அத்தகைய தொகுப்புகள் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் லூசில் பேக்கார்டு குழந்தைகள் மருத்துவமனை 2007 நவம்பரில் கணினிப் பதிவுக்கு மாறிய பின் மருத்துவமனை அளவிலான இறப்பு விகிதம் 20 விழுக்காடு குறைந்தது என 2010இல் அறிவிக்கப்பட்டது. 18 மாதங்களில் எதிர்பார்த்ததைவிட 36 இறப்புகள் குறைவு என்பது அவர்களின் மதிப்பீடு. இதுவும் முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வுதான். பிட்ஸ்பர்க் முடிவை ஐயுறுவோர் இதனையும் அதே அளவில் ஐயுற வேண்டும்.

தாமதம் கணினியின் தவிர்க்கவியலாத இயல்பன்று என்பதற்கு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவு நல்ல சான்று. மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சைத் தூண்டத் தரப்படும் கஃபீன் மருந்தின் முதல் வேளை, ஆணையிட்ட நேரத்திலிருந்து சராசரியாக 10.5 மணி நேரத்தில் கிடைத்து வந்தது. கணினிக்குப் பின் அது 2.8 மணி நேரமாயிற்று. காகிதம் மருந்தகத்திற்கு நடந்து செல்லும் இடத்தில் கணினி விரைவைத் தருகிறது. காகிதத்தை எழுதிய கையே மருந்தையும் எடுத்துத் தரும் இடத்தில் அதே கணினி இடைத்தடையாகிறது.

சரியான ஆணை, தவறான குப்பி

2006 செப்டம்பரில் இண்டியானாபொலிஸ் நகரின் மெதடிஸ்ட் மருத்துவமனையில் ஆறு குறைமாதக் குழந்தைகளுக்கு ஹெப்பாரின் ஆயிரம் மடங்கு செறிவில் செலுத்தப்பட்டது; மூவர் இறந்தனர். சிரைக் குழாய் அடைபடாமல் காக்க மில்லிலிட்டருக்கு 10 அலகு செறிவுள்ள குப்பி வேண்டும். மருந்துப் பேழையில் வைக்கப்பட்டவை மில்லிலிட்டருக்கு 10,000 அலகு செறிவுள்ள குப்பிகள். இரண்டின் உருவும் ஒத்திருந்தன. மறுஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு திரைப்பட நடிகரின் இரட்டைக் குழந்தைகளுக்கும் இதே பிழை நேர்ந்தது, அவர்கள் பிழைத்தனர்.

இந்நிகழ்வுகளில் மருத்துவரின் ஆணை பிழையற்றது. எனவே ஆணைப்பதிவு முறைமை எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. இவ்விடத்தில் உதவுவது பட்டைக்குறியீடு. செவிலியர் குழந்தையின் கைப்பட்டையையும் குப்பியின் குறியீட்டையும் வருடியால் படித்தபின், ஆணையோடு பொருந்தினால் மட்டுமே கணினி ஒப்புதல் தரும். பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில், பெரியவர்களிடையே நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நேரம் சாராத மருந்தளிப்புப் பிழைகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 விழுக்காடாகக் குறைந்தன. தீங்கு விளைவித்திருக்கக்கூடியவை பாதியளவாயின. குழந்தைகள் பிரிவுக்கு இதனை அப்படியே பொருத்த இயலாது. குழந்தைக்குரிய மருந்து பெரும்பாலும் குப்பியிலிருந்து சிறிதளவு உறிஞ்சப்பட்டு ஊசிக்குழலில் நிரப்பப்படுகிறது. குப்பியின் குறியீடு சரியாக இருந்தும் உறிஞ்சிய அளவு தவறாகலாம். மருந்தகமே ஒவ்வொரு வேளைக்குரிய அளவையும் தனித்தனி ஊசிக்குழலில் நிரப்பிக் குறியீடு ஒட்டித் தந்தால்தான் பட்டைக்குறியீட்டின் முழுப்பயன் குழந்தைக்குக் கிட்டும். கருவியை வாங்கும் செலவோடு இந்த மனித உழைப்பின் செலவையும் கணக்கிடுவோர் குறைவு.

முப்பத்தெட்டரை மாத்திரைகள்

ஆணைப்பதிவு, எச்சரிக்கை, தானியங்கி மருந்தகம், பட்டைக்குறியீடு ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைந்த இடத்திலும் பிழை எவ்வாறு வழிதவறாமல் நோயாளியை அடையும் என்பதை 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நிகழ்ந்த ஒன்று காட்டுகிறது. அங்குப் பணிபுரியும் மருத்துவர் ராபர்ட் வாக்டர், நிறுவனத்தின் ஒப்புதலுடன் இதனைத் தம் 'தி டிஜிட்டல் டாக்டர்' நூலில் (2015) விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

16 வயதுச் சிறுவன்; எடை 38.6 கிலோ. நம் நாட்டில் செப்ட்ரான் என்ற பெயரில் நன்கறியப்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அவனுக்கு வேண்டும். வழக்கமாக அவன் எடுத்துவந்தது 160 மில்லிகிராம் கொண்ட ஒரு மாத்திரை. 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடைவழியாகவே ஆணையிட வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. மருத்துவர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் எனப் பதிந்தார். கணினி 193 மில்லிகிராம் எனக் கணக்கிட்டது. கிடைப்பதோ 160 மில்லிகிராம் மாத்திரை. வேறுபாடு 5 விழுக்காட்டை மீறியதால், மாத்திரை அளவிலேயே ஆணையை மீண்டும் பதியுமாறு மருந்தாளுநர் கேட்டார். இதுவும் விதிப்படியே. மருத்துவர் 160 என அடித்தார். அலகுப் பெட்டி 'கிலோவுக்கு மில்லிகிராம்' என்பதிலேயே நின்றிருந்தது. கணினி பெருக்கியது: ஆறாயிரம் மில்லிகிராமுக்கு மேல், அதாவது முப்பத்தெட்டரை மாத்திரைகள்.

மிகையளவு எச்சரிக்கை மருத்துவரின் திரையிலும் மருந்தாளுநரின் திரையிலும் தோன்றியது. நாளெல்லாம் தோன்றும் எண்ணற்ற எச்சரிக்கைகளுள் அதுவும் ஒன்றாக மூடப்பட்டது. சிறிதளவு மீறிய மருந்துக்கும் முப்பத்தெட்டு மடங்கு மீறிய மருந்துக்கும் எச்சரிக்கையின் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. தானியங்கி, மாத்திரைகளைப் பிசகாமல் எண்ணிப் பொதிந்தது. அன்று தமக்குப் பழக்கமற்ற பிரிவில் பணியிலிருந்த செவிலியர், இத்தனை மாத்திரைகளா என ஐயுற்றார். ஐயத்தைத் தீர்க்க அவர் நாடியது பட்டைக்குறியீட்டு வருடியை. அது ஆணைப்படி எல்லாம் சரி என்றது. சிறுவன் அனைத்தையும் விழுங்கினான். வலிப்பு வந்து மூச்சு நின்றது. தீவிர சிகிச்சையில் உயிர் மீண்டான்.

முற்காட்டிய வாதத்தை இங்கு நினைவுகூரலாம். பெரியவர்கள் பிரிவில் பத்து மாத்திரைகளைக் கையில் எடுப்பதே எச்சரிக்கை என்று கண்டோம். இங்கே அந்த இயற்கைத் தடையும் இருந்தது. செவிலியரின் கண் அதைக் கண்டும் விட்டது. கண் கண்டதைக் கருவி மறுத்தது. பட்டைக்குறியீடு விடையளிக்கும் வினா 'இது ஆணையில் உள்ள மருந்தா?' என்பது. செவிலியர் கேட்டதோ 'இந்த ஆணை சரியா?' என்பது. இவ்விரு வினாக்களின் வேறுபாடு திரையில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முறைமையைத் தேர்வோர் நோக்கவேண்டியவை

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில வினாக்கள் பிறக்கின்றன. எடை பதியப்படாமல் ஆணையை முறைமை ஏற்குமா? அவ்வெடை கிலோகிராமில் மட்டும் பதியப்படுமா? பவுண்டு வழக்கிலுள்ள அமெரிக்காவில் இது தனிச் சிக்கல். மருத்துவமனைகளுக்கு ஏற்பளிக்கும் கூட்டு ஆணையம் 2008இல் வெளியிட்ட குழந்தை மருந்துப் பிழை எச்சரிக்கையில் கிலோகிராமையே வலியுறுத்தியது. ஒரு குறிப்பிட்ட மடங்கை மீறிய அளவுக்கு, மூடிவிடத்தக்க எச்சரிக்கையா, அல்லது எவராலும் கடக்கவியலாத தடையா? வந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு முன்கூட்டியே ஆணையிட வழியுண்டா? இவற்றுள் கடைசி வினா மென்பொருள் விளக்கவுரைகளில் இடம்பெறுவதே இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் கொள்முதல் குழுவினர் அல்லர். இரவுப்பணியில் இருக்கும் செவிலியரும் பயிற்சி மருத்துவரும்.

ஆய்வாளர்களின் பக்கமும் ஒரு வினா உண்டு. ஆணைகளுள் எத்தனை பிழை என எண்ணுவதோடு, மருந்து தேவைப்பட்ட கணத்திலிருந்து அது குழந்தையின் உடலைச் சென்றடைந்த கணம் வரையிலான நேரமும் அளக்கப்பட வேண்டும். மின்னணுப் பதிவேடுகளிலேயே இவ்விரு நேரங்களுக்குரிய தடயங்கள் உள்ளன. எனவே இதற்குத் தனியே பெருஞ்செலவு இல்லை.

கௌஷல் குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத ஓர் இணை எண் இருக்கிறது. தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகளுள் 93 விழுக்காட்டைக் கணினிவழி ஆணைப்பதிவு தடுத்திருக்கலாம் என மதிப்பீட்டாளர்கள் கருதினர். நோயாளிப் பிரிவிலேயே உடனிருக்கும் மருந்தாளுநர் 94 விழுக்காட்டைத் தடுத்திருக்கலாம் என்றும் அவர்களே கருதினர். முதல் எண்ணைத் தொடர்ந்து பெருமுதலீடுகள் வந்தன. இரண்டாவதைச் சோதித்தவர்களும் அதே குழுவினரே. 2008இல் வெளியான அவர்களின் ஆய்வில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் முழுநேர மருந்தாளுநர் ஒருவர் அமர்த்தப்பட்ட பின் கடும் மருந்துப் பிழைகள் ஆயிரம் நோயாளி நாட்களுக்கு 29 என்பதிலிருந்து 6 ஆகக் குறைந்தன. பகுதிநேர மருந்தாளுநர் மட்டும் வந்து சென்ற பொதுப் பிரிவுகளில் அத்தகைய குறைவு ஏற்படவில்லை.